மலை ரயில் பாதையில் நடக்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



போன வாரம் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாகப் பராமரிப்புக் கணக்கைச் சரிபார்க்கத்தான் வருவார். அன்று வந்த விஷயம் வேறு. "சார், நம்ம பிள்ளைங்க பத்துப் பன்னிரண்டு பேர் லீவுக்கு ஊட்டி ரயில் தண்டவாளத்து மேலயே நடந்து போகப் போறாங்களாம். ஏதோ வீடியோ பார்த்திருக்காங்க. நீங்க மேட்டுப்பாளையத்துல வேலை பார்த்தவர். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளைகளே, உங்கள் ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. நம் சிங்கம்புணரியில் ரயிலே கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் காரைக்குடிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ரயில் இல்லாத ஊர்க்காரனுக்குத் தண்டவாளத்தைக் கண்டால் ஒரு கிறுகிறுப்பு வரத்தான் செய்யும். அதுவும் அந்தத் தண்டவாளம் மலை மேல் ஏறினால் கேட்கவே வேண்டாம். எனக்கும் உங்கள் வயதில் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த வழியில், எண்களாகவே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து உதகமண்டலம் வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டர் உயரம். உதகை 2,200 மீட்டர். இந்தப் பாதையைப் போட வேண்டும் என்ற பேச்சு 1854லேயே தொடங்கிவிட்டது. வேலை ஆரம்பித்தது 1891இல். நடுவில் கம்பெனியே திவாலாகி, வேறு கம்பெனி எடுத்து முடித்தது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899 ஜூனில். உதகைக்குப் போய்ச் சேர்ந்தது 1908இல். பேச்சுக்கும் உதகை ஸ்டேஷனுக்கும் நடுவே 54 வருஷம். கடன் மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 46 கிலோமீட்டரை 250ஆல் வகுத்துப் பாருங்கள். சராசரியாக 184 மீட்டருக்கு ஒரு பாலம். நம் குடியிருப்பை இரண்டு முறை சுற்றி வருவதற்குள் ஒரு பாலம் வந்துவிடும். அதிலும் பாலங்கள் சமமாகப் பிரிந்து கிடக்கவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை உள்ள மலைச்சரிவில்தான் அதிகம். ஆகவே தண்டவாளத்தில் நடப்பது என்றால் பாலத்துக்குப் பாலம் தாண்டிக்கொண்டே போவது என்று அர்த்தம். பாலங்களில் கட்டைகளுக்கு நடுவே தரை கிடையாது. கீழே பார்த்தால் ஓடை, பாறை.

கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். சில இடங்களில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்களை இரண்டு வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு வரிசையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதில் மாட்டி மாட்டி ஏறும். எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். இது சுவிட்சர்லாந்தில் இருந்து வந்த முறை. இந்தியாவில் வேறு எந்தப் பாதையிலும் இது கிடையாது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மேலே ஏறும்போது இந்த எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஏதாவது அறுந்தால் பெட்டிகள் கீழே உருண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. எஞ்சின் பின்னால் இருந்தால் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. அதற்காக முதல் பெட்டியின் முன்புறத் திண்ணையில் ஒரு பிரேக்ஸ்மேன் கையில் கொடியோடு நிற்பார். அவர் காட்டும் கொடிதான் டிரைவருக்குக் கண். மற்றப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்க ஆட்கள் இருப்பார்கள்.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். இதுவரை வீட்டில்கூடச் சொல்லாத கதை. என் மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

1986 மே மாதம். அப்போது நான் மேட்டுப்பாளையத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கிளம்பினோம். நான், எங்கள் கேஷியர், இன்னொரு கிளார்க், அவருடைய மச்சினன். மச்சினனுக்குப் பத்தொன்பது வயது. பரீட்சை எழுதிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். காலை ரயிலில் ஏறி ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறங்கினோம். எஞ்சின் அங்கே தண்ணீர் பிடிக்கும். டீ குடித்தோம். ரயில் கிளம்பிப் போனது. நாங்கள் ஏறவில்லை. அதன் பின்னாலேயே தண்டவாளத்தில் ரன்னிமேடு நோக்கி நடக்க ஆரம்பித்தோம்.

எங்கள் கணக்கு இதுதான். காலை ரயில் மேலே போயாகிவிட்டது. அது திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை பாதை காலி. பேங்கில் வேலை பார்ப்பவர்கள் போட்ட கணக்கு, தப்பாகுமா?

பேங்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சாயங்காலம் டே புக்கை மூடி, பேனாவை வைத்த பிறகு, மேஜைக்கு அடியில் இருந்து ஒரு வவுச்சர் கிடைக்கும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. மே மாதம் ஊட்டி சீசன். கூடுதலாக ஒரு ரயில் விட்டிருந்தார்கள். நாங்கள் யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஒரு பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். எஞ்சின் சத்தம் கேட்டது. மலையில் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே தெரியாது. எதிர்மலையில் பட்டுத் திரும்பும். முன்னால் போன ரயிலின் சத்தம்தான் இன்னும் கேட்கிறது என்று கேஷியர் சொன்னார். நாங்களும் நம்பினோம். சத்தம் தூரத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. எஞ்சின்தான் தூரத்தில் இருந்தது, அதற்கு முன்னால் இருக்கும் பெட்டிகள் எங்களுக்குக் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தன என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. புகையும் வரவில்லை, எஞ்சினும் தெரியவில்லை. வளைவில் இருந்து ஒரு நீலப் பெட்டி மெதுவாக வெளியே வந்தது. அதன் திண்ணையில் நின்றவர் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு கத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் எப்படியோ ஓடிப் பாலத்தைத் தாண்டினோம். மச்சினன் ஓடும்போது ஒரு கால் கட்டைகளுக்கு நடுவே போய்விட்டது. தொடை வரை இறங்கிவிட்டது. கையை ஊன்றி எழ முயன்றால் எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்குகிறது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். திரும்பி ஓடவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பி ஓடவில்லை.

ரயில் நின்றது. அவனுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு பஸ் நீளம்கூட இருந்திருக்காது. அந்தப் பிரேக்ஸ்மேன்தான் இறங்கி வந்து அவனைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கும். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க, டிரைவர் பின்னாடி இருக்கறாருங்க. நீங்க இங்க நிக்கறதே அவருக்குத் தெரியாதுங்க. என்ற கொடியத்தானுங்க அவரு நம்பியிருக்கறாரு. நான் ஒரு நிமிசம் அந்தப் பக்கம் திரும்பி நின்னிருந்தா என்னங்க பண்றது? பையனுக்கு நீங்க போய்ச் சொல்லீருவீங்க, அவங்கம்மாகிட்ட. எனக்கு யாருங்க சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னார். எங்களை ரயிலில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஸ்டேஷனில் அபராதம் கட்டினோம், எழுதிக் கொடுத்தோம். மச்சினனுக்கு முழங்காலில் அடி. இன்றைக்கு அவருக்கும் வயதாகிவிட்டது, தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் கீழே உட்காரும்போது அவர் மட்டும் நாற்காலி தேடுவார். ஒவ்வொரு முறையும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பிள்ளைகள் கேட்கலாம். "தாத்தா, அது ஒரு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போற ரயில். நாங்க அதைவிட வேகமா ஓடுவோம்." ஓடலாம், ஓட இடம் இருந்தால். ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் பள்ளம். குகைக்குள் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நிற்க இடம் கிடையாது. ரயில் மெதுவாக வருகிறது என்பது அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் சௌகரியம்.

"ஒரு நாளைக்கு ஒரு ரயில்தானே?" என்றும் கேட்கலாம். அட்டவணையில் இருப்பது மட்டும் பாதையில் ஓடுவதில்லை. சிறப்பு ரயில் வரும். பாதை வேலைக்காரர்களின் டிராலி வரும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதை அள்ளப் போகும் வண்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள். ரயிலே போகாத பாதையில் நமக்கு என்ன வேலை?

இன்னொன்று, யானை. கல்லாறு யானைகள் கடக்கும் வழி. பலாப்பழக் காலத்தில் குன்னூர் மலைச்சரிவுக்கு யானைகள் வருவது வழக்கம். சில வருஷங்களுக்கு முன் ஹில்குரோவ், ரன்னிமேடு பக்கம் பாதையோரம் எழுப்பிய சுவரால் ஒரு யானைக் கூட்டம் குட்டியோடு கடக்க முடியாமல் தடுமாறிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். யானைக்காகச் சுவரையே இடித்த இடத்தில், வளைவு திரும்பினால் நமக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் வருட ரயில்வே சட்டம், 147ஆவது பிரிவு. அனுமதி இல்லாமல் ரயில் பாதைக்குள் நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்று நினைக்காதீர்கள். உங்களில் இரண்டு பேர் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறீர்கள். போலீஸ் சரிபார்ப்பில் "வழக்கு ஏதும் உண்டா?" என்று ஒரு கேள்வி வரும்.

"அப்படியென்றால் வீடியோவில் நடக்கிறார்களே?" என்று கேட்டான் ஒரு தம்பி. நியாயமான கேள்வி. கர்நாடகாவில் சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யாவுக்கும் நடுவே ஒரு மலைப்பாதை இருக்கிறது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்றுவதற்காக 1996இல் அங்கே ரயிலை நிறுத்தினார்கள். பத்து வருஷம் ரயில் ஓடவில்லை. அந்தக் காலத்தில்தான் தண்டவாளத்தில் நடப்பது அங்கே பிரபலம் ஆயிற்று. 2006இல் சரக்கு ரயிலும் 2009இல் பயணிகள் ரயிலும் திரும்ப வந்துவிட்டன. ரயில் வந்த பிறகும் நடக்கும் ஆசை மட்டும் போகவில்லை. இப்போது அங்கே நடப்பதற்குத் தடை. கோவா பக்கம் தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளம் வழியாக நடந்து போனவர்களை 2023 ஜூலையில் பிடித்து, தண்டவாளத்தின் ஓரத்திலேயே தோப்புக்கரணம் போட வைத்தார்கள். அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது. நம் குடியிருப்புக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

சரி, போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் கிழவன். எப்படிப் போகலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் திட்டம்.

முதல் நாள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் ரயிலில் ஏறுங்கள். டிக்கெட்டை முன்பதிவு தொடங்கிய உடனேயே போட்டுவிட வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர். நீங்கள் நடக்க நினைத்த பாலங்களும் குகைகளும் பெரும்பாலும் இந்தப் பகுதியில் வந்துவிடும். சன்னலில் உட்கார்ந்து பார்க்கலாம். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஸ்டேஷனில் இறங்கிக் கால் நீட்டலாம். முன் பெட்டித் திண்ணையில் கொடியோடு நிற்பவரைப் பாருங்கள். நேரம் இருந்தால் வணக்கம் சொல்லுங்கள். குன்னூரில் இறங்கித் தங்குங்கள்.

இரண்டாம் நாள்தான் நடை. குன்னூரில் இருந்து உதகைக்கு மேலும் 18 கிலோமீட்டர். அந்தப் பகுதியில் பல்சட்டம் கிடையாது. ஒரு நாளில் பல முறை ரயில் ஓடுகிறது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் சாலை உள்ள ஊர்கள். குன்னூரில் காலை ரயிலில் ஏறி கேத்தியில் இறங்குங்கள். 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த ஸ்டேஷன் அது. உங்களுக்குத் தெரியாது, உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், இப்போதும் கண் கலங்குவார்கள். அங்கிருந்து ஊர்ச் சாலை வழியாக லவ்டேல் வரை நடங்கள். ரயில் பாதையில் அளந்தால் 4 கிலோமீட்டர் சுமார். சாலை சுற்றி வரும், கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வழியை ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டே போங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாகக் காய்கறித் தோட்டம். லவ்டேல் உதகையை விட உயரம், ஆகவே ஏற்றம்தான். மூச்சு வாங்கும். லவ்டேலில் மறுபடி ரயில் ஏறி உதகையில் இறங்குங்கள். அந்தக் கடைசித் துண்டில் ரயில் இறங்கிக்கொண்டு போகும். மலை ரயில் கீழ்நோக்கிப் போய் ஊட்டியைச் சேர்கிறது என்பதை நிறையப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது. நீலகிரியிலும் உண்டு, நமக்குக் கிட்டத்தில் தேனியிலும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியதுதான், வேறு வழியில் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களில் பலர் உங்களைப் போன்ற வயதுக்காரர்கள்.

வேனில் போவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, வழுக்காத ஷூ வேண்டும். செருப்போடு வருகிறவர் குன்னூரிலேயே இருந்துகொள்ளட்டும்.

போவதற்கு முன் பயிற்சி வேண்டாமா? நமக்குப் பக்கத்திலேயே பிரான்மலை இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலுக்கு முன் ஏறி இறங்குங்கள். அடிவாரத்தில் கோயில், உச்சியில் தர்கா. பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான். அதில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் கேத்தியிலும் ஏறுவார்.

முதலில் ஒரு காரணம் பாக்கி வைத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பேங்கில் இருந்தேன். எத்தனையோ தப்பைத் திருத்தியிருக்கிறேன். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தப் பாலத்தில் மூன்று பேர் திரும்பி ஓடாததைத் திருத்த எனக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. செயலாளர் வந்து கேட்டபோது, இதையாவது செய்வோம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அதனால் ஒரு விண்ணப்பம். இந்த இரண்டு நாள் பயணத்துக்கு வர விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். டிக்கெட் போடும் வேலையையும் செலவுக் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கேத்தி நடையில் கடைசி ஆளாக நானும் வருகிறேன். என் வேகத்துக்கு நீங்கள் நடக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் நிபந்தனை.